ஆறு பரோட்டா

போன வாரம் நம் பள்ளிக்கூட குரூப்பில் ஒருத்தி ஒரு படம் போட்டிருந்தாள். பளபளவென்று துடைத்து வைத்த காஸ் அடுப்பு, வாசலில் முதுகுப் பெட்டியோடு சாப்பாடு கொண்டுவந்து நிற்கிற ஆள், கீழே ‘இந்தக் காலத்துப் பெண்களின் சமையல்’ என்று ஒரு வரி. எல்லாரும் சிரித்திருந்தீர்கள். ‘நம்ம அம்மாங்கல்லாம் இப்படியா இருந்தாங்க?’ என்று ஒருத்தி கேட்டதற்கு வரிசையாகக் கைதட்டல் வேறு. நான் எதுவும் போடவில்லை. எங்கே ஆளையே காணோம் என்று மறுநாள் விசாரித்தீர்கள். மூன்று நாளாக இதைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். போனில் தட்டிப் பார்த்து முடியாமல், பழைய டைரி ஒன்றில் பேனாவால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். என் கையெழுத்து உங்களுக்குத் தெரிந்ததுதான்.

என் அம்மா அப்படித்தான் இருந்தாள். நாம் ஆறாம் வகுப்புக்குப் போன வருஷம், கோடையில் தொடங்கி ஐப்பசி மழை வரைக்கும், எங்கள் குவார்ட்டர்ஸில் பாதி நாள் அடுப்பு எரியவில்லை. உங்களில் சிலர் எங்கள் ப்ளாக்கிலேயே இருந்தவர்கள், உங்களுக்கு அது தெரியும். என் டிபன் டப்பாவில் தினமும் பன் இருந்ததைப் பார்த்து ‘பன்னு’ என்று எனக்குப் பெயர் வைத்ததும் நீங்கள்தான். கோபமாகச் சொல்லவில்லை. உங்களோடு சேர்ந்து நானும் என் அம்மாவைக் கேலி செய்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் அம்மா எப்படிச் சமைத்தாள் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டில் லெக்கோ அடுப்பு. பழுப்பு நிலக்கரியைச் சுட்டுச் செய்த அந்தக் கரிக்கட்டிகளை இப்போது யாரும் பார்க்க முடியாது. கொல்லையில் வைத்துப் பற்றவைத்து, புகை அடங்கி, கங்கு சிவந்த பிறகு துணியால் பிடித்து அடுப்பை அப்படியே உள்ளே தூக்கிவருவாள். அப்பா மைன்ஸில் ஷிப்டு பார்த்தவர். ஒரு வாரம் காலை ஷிப்டு, ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரி. அப்பாவின் ஷிப்டு மாறும்போதெல்லாம் வீட்டில் சோறு வேகிற நேரமும் மாறும். அப்பாவுக்குக் காரம் வேண்டும். எனக்குப் புளிப்பு ஆகாது, உருளைக்கிழங்கு இருந்தால்தான் சாப்பிடுவேன். தம்பிக்கு ஆறு வயது, அவனுக்குப் பருப்பும் நெய்யும். மூன்று பேருக்கும் மூன்று விதமாகச் செய்வாள். மண்சட்டியில் மீன் குழம்பு வைத்தால் அந்த வரிசையில் இருந்த எட்டு வீட்டுக்கும் வாசனை போகும். எதிர் வீட்டு டீச்சரம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கூச்சமில்லாமல் வந்துவிடுவார்கள். அந்த மண்சட்டி, நடுவில் பள்ளம் விழுந்த தோசைக்கல், ஒரு கால் ஆடுகிற அருவாமணை எல்லாம் குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது எங்கே போயின என்று தெரியவில்லை. யாரும் எடுத்து வைக்கவில்லை.

இத்தனையும் நினைவிருக்கிறது. அம்மா சாப்பிட்டது மட்டும் எனக்கு நினைவில் இல்லை. நாங்கள் எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு அவள் சமையலறையில் தனியாக எதையோ சாப்பிடுவாள். அப்போது நாங்கள் வெளியே விளையாடிக்கொண்டிருப்போம், அப்பா படுத்திருப்பார். எல்லார் வீட்டிலும் அப்படித்தானே.

அந்த வருஷம் சித்திரை கடைசியில் அப்பா ஒரு முழுப் பலாப்பழத்தைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார். பலாக் காலத்தில் நம் டவுன்ஷிப் முழுக்க அந்த வாசனைதானே அடிக்கும், கரித்தூள் நெடியையும் மீறிக்கொண்டு. அம்மாதான் எப்போதும் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அறுப்பாள். அன்றைக்குக் கத்தியை வைத்து இரண்டாகப் பிளந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடினாள். முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். நானும் தம்பியும் சுளைகளைப் பிய்த்துத் தின்றுகொண்டே அதைப் பார்த்தோம்.

பிறகு மீன் ஆகவில்லை. பிறகு கறி. பிறகு கடுகு தாளித்தாலே முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். “உனக்குத் தம்பிப் பாப்பா வேணுமா, தங்கச்சிப் பாப்பாவா?” என்று டீச்சரம்மா என் கன்னத்தைக் கிள்ளிக் கேட்டார்கள். நான் தங்கச்சி என்றேன். செய்தி நெல்லிக்குப்பத்துக்குப் போய், அப்பாவின் அக்கா கிளம்பி வந்துவிட்டாள்.

அத்தை கெட்டவள் இல்லை. அத்தை வீட்டு மாமாவுக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. அவள் வந்தாலே வீட்டில் வெல்லமும் எள்ளும் சேர்ந்து ஒரு வாசனை வரும். தாய் இல்லாமல் வளர்ந்த என் அப்பாவைத் தான்தான் சோறு ஊட்டி ஆளாக்கினேன் என்ற பெருமை அவளுக்கு உண்டு, அது உண்மையும்கூட. வந்த அன்றே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படியில் இறங்கினாள். தினம் இரண்டு குழம்பு, கருவாட்டுத் தொக்கு, வடை. அத்தை தாளிக்கிற சத்தம் கேட்டதும் அம்மா எழுந்து கொல்லைக்குப் போய்விடுவாள். வெயிலில் முருங்கை நிழலில் ஒரு கோணியை விரித்து உட்கார்ந்திருப்பாள்.

பன்னிரண்டு நாள் போயிருக்கும். ஒரு காலையில் அம்மா கொல்லையில் தீட்டுத் துணியை அலசுவதை அத்தை பார்த்துவிட்டாள். அந்த வயதில் எனக்குப் புரியவில்லை. குழந்தை இல்லை என்பது அத்தைக்கு மட்டும் புரிந்தது. அன்று மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்தபோது, அம்மாவின் காதில் விழும்படி சொன்னாள்.

“தம்பி, உம் பொண்டாட்டி வயித்துல ஒண்ணும் இல்லடா. ஒடம்புல சோம்பல் ஏறிப்போச்சு. நான் ஒருத்தி வந்து வடிச்சுக் கொட்டிகினு இருக்கேன், அவ நெழல்ல ஒக்காந்துகினு வேடிக்க பாக்குறா.”

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அம்மா கொல்லைக் கதவருகே நின்றிருந்தாள். “அண்ணி, எனக்கு நெஞ்சுல ஏதோ அடைச்சுகினே இருக்கு” என்றாள்.

“எனக்கும்தாம்மா அடைக்குது. நான் நாலு புள்ள பெத்து, மாடு கண்ணும் பாத்துகினு ஒலை வெக்கலையா?”

மறுநாள் அத்தை மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

அதற்குப் பிறகு அப்பா மந்தாரக்குப்பத்துக்குப் போக ஆரம்பித்தார். காலையில் அம்மா எப்படியோ சோற்றை மட்டும் வடித்து வைப்பாள், பக்கத்தில் ஊறுகாயோ மோரோ இருக்கும். டப்பாவுக்குப் பன், இல்லாவிட்டால் ரொட்டி. சாயங்காலம் அப்பா சைக்கிளில் போய், பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த பாய் கடையில் பரோட்டா வாங்கிவருவார். வாழை இலையில் வைத்து, மேலே செய்தித்தாளைச் சுற்றி, சணலால் கட்டியிருக்கும். சால்னாவுக்கு எங்கள் வீட்டு எவர்சில்வர் தூக்கைக் கொடுத்து அனுப்புவோம். பொட்டலத்தைப் பிரித்ததும் சூட்டில் வதங்கிய இலை மணம் ஒன்று வருமே, அதற்காகவே நானும் தம்பியும் வாசலில் காத்திருப்போம். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அந்த முதல் பத்துப் பதினைந்து நாள் நாங்கள் இரண்டு பேரும் சந்தோஷமாக இருந்தோம்.

முதலில் எட்டுப் பரோட்டா வாங்கினார். ஆளுக்கு இரண்டு. அம்மாவின் இரண்டும் மறுநாள் காலையில் அப்படியே காய்ந்து கிடக்கும். “எனக்கு வேணாங்க, வீணாப் போவுது. ஆறே வாங்குங்க” என்றாள். அப்பாவும் ஆறு வாங்கினார்.

ப்ளாக்கில் பேச்சு எழுந்தது. கிண்ணத்தோடு வந்து கொண்டிருந்த டீச்சரம்மா, வேலியோரம் நின்று அப்பாவிடம், “சார், ஓட்டல் சாப்பாடு குடும்பத்துக்கு ஆகாது. பிள்ளைங்க வளர்ற வயசு. வீட்டுல சொல்லக்கூடாதா?” என்றார்கள். அப்பாவோடு வேலை செய்தவர்கள் ஷிப்டு பஸ்ஸில் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், ஒருநாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். அம்மாவிடம் நேராக எதுவும் கேட்கவில்லை. தூக்கை மட்டும் ணங்கென்று வைத்தார்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. அந்த வகுப்பு உங்களுக்கும் நினைவிருக்கலாம். ‘நேற்று எங்கள் வீட்டுச் சமையல்’ என்று ஆளாளுக்கு எழுந்து ஐந்து வாக்கியம் பேச வேண்டும். என் முறை வந்தபோது, அம்மா மீன் குழம்பு வைத்தாள், உருளைக்கிழங்கு வறுத்தாள் என்று சொன்னேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், “பொய் மிஸ். அவங்க வீட்ல தினம் பார்சல்தான், அவங்கம்மா சமைக்கவே மாட்டாங்க” என்றது. வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் கொஞ்சம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “எங்கம்மாவுக்குத் தூங்கத்தான் மிஸ் நேரம் சரியா இருக்கு” என்று நானாகவே சொன்னேன். இன்னும் பெரிதாகச் சிரித்தீர்கள்.

வீட்டுக்கு வந்து புத்தகப் பையைக் கூடத்தில் எறிந்தேன். அம்மா சுவரோரம் சுருண்டு படுத்திருந்தாள்.

“எல்லார் அம்மாவும் சமைக்கறாங்க. உனக்கு மட்டும் என்ன? அத்தை சொன்னது சரிதான், நீ சோம்பேறி” என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். கோபப்படவில்லை. “நாளைக்கு ஞாயித்துக்கெழமதான? சமைக்கறேன். என்ன வேணும் உனக்கு?” என்று கேட்டாள்.

மறுநாள் அவள் சமைத்ததை நான் நிலைப்படியில் உட்கார்ந்து பார்த்தேன். அப்பாவின் துண்டு ஒன்றை நனைத்து மூக்கையும் வாயையும் சேர்த்துப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்தாள். உருளைக்கிழங்கு நறுக்கும்போது இரண்டு தடவை கத்தியை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள். எண்ணெய் காய்ந்ததும் கொல்லைக்குப் போனாள், வந்தாள், மறுபடியும் போனாள். கத்தரிக்காய்க் காரக்குழம்பு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல். மூன்று தட்டு வைத்துப் பரிமாறினாள். ஒரு வாய் வைத்ததும் எனக்குத் தெரிந்தது, எதிலும் உப்பு இல்லை.

“உப்பே இல்ல” என்று தட்டைத் தள்ளினேன். தம்பியும் தள்ளினான். அப்பா உப்பு ஜாடியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “கவனம் எங்க இருக்கு?” என்றார்.

அம்மா துண்டை அவிழ்த்தாள். முகமெல்லாம் வியர்வை. குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். “எனக்கு நாக்குல எதுவுமே தெரியல” என்றாள். யாருக்கும் சொன்ன மாதிரி இல்லை. எங்கள் யாருக்கும் அது ஒரு செய்தியாகவும் படவில்லை. அன்று சாயங்காலம் மறுபடியும் பரோட்டா.

நோன்பு மாதம் தொடங்கியிருந்தது. ஒருநாள் அப்பா என்னையும் சைக்கிள் பாரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். நாங்கள் போனபோது பாய் அப்போதுதான் நோன்பு திறந்திருந்தார். பெஞ்சில் நாலைந்து பேர் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். அப்பா தூக்கை நீட்டி, “ஆறு” என்றார்.

பாய் தூக்கை வாங்கிக்கொள்ளவில்லை. தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார்.

“சார், கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. மொதல்ல எட்டு வாங்கினு போனீங்க. ஒரு மாசமா ஆறுதான். புள்ளைங்களுக்கு நாலு, உங்களுக்கு ரெண்டு. வூட்ல அம்மா என்னா சாப்புடறாங்க?”

“அவ வீட்டுல எதுனா சாப்ட்டுக்குவா” என்றார் அப்பா.

“வூட்ல சமைக்கறது இல்லன்னுதான சார் இங்க வரீங்க?”

தூக்கைப் பிடித்த கை நீட்டியபடியே நின்றது. கல்லில் பரோட்டாவை அடித்துக்கொண்டிருந்தவர்கூட நிமிர்ந்து பார்த்தார். அப்பா என் பக்கம் திரும்பி, “அம்மா என்ன சாப்பிடுறா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது அவர் சைக்கிளை மிதிக்கவே இல்லை. என்னை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டு விளக்குக்கு நேராக நிற்கச் சொன்னார். புடவைக்குள் அவள் எவ்வளவு இளைத்திருந்தாள் என்பதை அன்றைக்குத்தான் நானும் பார்த்தேன். ஜாக்கெட் தோளில் நிற்காமல் ஊக்குக் குத்தி வைத்திருந்தாள். வளையல் முழங்கைவரை ஏறியது. “என்னாங்க, எதுக்கு இப்படிப் பாக்கறீங்க?” என்று கேட்டாள்.

மறுநாள் மத்தியானம் பாயின் மனைவி வந்தார்கள். நாங்கள் அவர்களைப் பாயம்மா என்று கூப்பிடுவோம். தேங்காயும் பச்சரிசியும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் அடுப்பைக் கொல்லைக் கோடியில், காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத இடமாகப் பார்த்து வைத்து, கஞ்சி காய்ச்சினார்கள். “பூண்டு போடல, பட்ட போடல, ஒண்ணும் போடல. அரிசி, பாசிப்பருப்பு, தேங்காப்பாலு, அவ்ளோதான். மோந்து பாருங்க, ஒத்துக்கலன்னா கொண்டுபோய்டறேன்” என்றார்கள். அன்று அவர்களுக்கு நோன்பு. வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் அம்மாவுக்கு ஆற்றி ஆற்றி ஸ்பூனால் கொடுத்தார்கள். அம்மா ஐந்து ஸ்பூன் குடித்தாள். ஆறாவதுக்கு வேண்டாம் என்று கையைக் காட்டினாள்.

“பசிக்குது பாயம்மா. ஆனா எறங்கல” என்றாள்.

பாயம்மா அவளைப் படுக்கவைத்து வயிற்றில் கை வைத்து அமுக்கிப் பார்த்தார்கள். விலாவுக்குக் கீழே ஓர் இடத்தில் கை நின்றது. “இங்க கல்லு மாதிரி இருக்குதே. எத்தன நாளா இருக்கு? வூட்ல சொல்லலியா?”

“சொன்னா, சமைக்கறதுக்குச் சாக்கு சொல்றேன்னு சொல்லுவாங்க.”

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பாயம்மா என்னைப் பார்த்துவிட்டார்கள். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார்கள்.

அடுத்த நாளே அப்பா லீவு போட்டு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். அங்கே ஒரு டாக்டரம்மா, எத்தனை நாளாகச் சாப்பிடவில்லை என்று அப்பாவைக் கேட்டார்கள். அப்பா அம்மாவைப் பார்த்தார். “சித்திரையிலேர்ந்து சரியா இல்லைங்க” என்று அம்மாதான் சொன்னாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, “கூட இருக்கிறவங்க யாரும் கவனிக்கலையா?” என்றார்கள். அவர்கள் கடுமையாகக் கேட்கவில்லை. பாண்டிச்சேரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே இருபது நாள் வைத்திருந்து, வயிற்றைத் திறந்து பார்த்து, மறுபடியும் மூடி அனுப்பினார்கள். வயிற்றில் புற்று, பரவிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னார்களாம். எங்களிடம் புண் என்றார்கள்.

அத்தை மறுபடியும் வந்தாள். வாசலில் மூட்டையை இறக்கியவள் கட்டிலில் கிடந்த அம்மாவைப் பார்த்துவிட்டு உள்ளே வராமல் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எங்கள் வீட்டுக்குள் தாளிக்கவில்லை. டீச்சரம்மா வீட்டுக் கொல்லையில் அடுப்பு வைத்துச் சமைத்து, பாத்திரத்தை மூடி எடுத்துவந்து, எங்களை வாசலில் உட்காரவைத்துப் போட்டாள். கைகளைச் சோப்புப் போட்டு, முகர்ந்து பார்த்து, மறுபடியும் கழுவிக்கொண்டுதான் அம்மாவின் கட்டிலுக்கு அருகில் போவாள். அவளுக்குத் தலை வாரினாள், துடைத்துவிட்டாள், கால் பிடித்தாள். மன்னிப்பு என்று எதுவும் கேட்டு நான் பார்க்கவில்லை. அம்மாவும் பழையதை எடுக்கவில்லை. ஒருநாள் அம்மா, “அண்ணி, அவருக்குக் காரம் கொஞ்சம் கூடவே போடுங்க” என்று சொல்லிக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

எனக்கு ஒரு மன்னிப்பு கேட்க வேண்டியிருந்தது. எப்படிக் கேட்பதென்று தெரியவில்லை. ஒரு சனிக்கிழமை அத்தை கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், பாயம்மா செய்ததைப் பார்த்து வைத்திருந்த நினைவில், நானே அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சினேன். கையில் இரண்டு இடத்தில் சுட்டுக்கொண்டேன். தேங்காயைத் துருவத் தெரியாமல் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டுவிட்டு, பிறகு அதையெல்லாம் பொறுக்கி எடுத்தேன். ஒரு டம்ளரில் ஊற்றி ஆற்றி அம்மாவிடம் கொண்டுபோனேன்.

“நீயா வெச்சே?” என்றாள். தலையைத் தூக்க நான் கையைக் கொடுத்தேன். இரண்டு மடக்குக் குடித்தாள். கண்ணை மூடி, அதை விழுங்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள். பிறகு, “நல்லாருக்கு. உப்பு சரியா இருக்கு” என்றாள்.

எனக்கு அவ்வளவு பெருமை. டம்ளரைக் கழுவப் போகும்போது மிச்சத்தை வாயில் வைத்துப் பார்த்தேன். நான் உப்புப் போடவே மறந்திருந்தேன்.

அம்மா ஐப்பசியில் போனாள், தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, மழை விடாமல் பெய்த ஒரு காலையில். முதல் ஷிப்டு சங்கு ஊதி முடிந்த நேரம். அவளுக்கு முப்பத்திநாலு வயது. சாவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது என்பதால் எங்களுக்குச் சாப்பாடு வெளியிலிருந்துதான் வந்தது. டீச்சரம்மா இட்லி கொண்டுவந்தார்கள். பாய் கடையைச் சாத்திவிட்டு, வந்தவர்கள் எல்லாருக்கும் எலுமிச்சம்பழச் சோறு கட்டி எடுத்துக்கொண்டு வந்து மழையில் நின்றார். அதை அவரிடமிருந்து வாங்கிப் பரிமாறியது அத்தைதான். ஓட்டல் சோறு என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

உங்களுக்கு இதையெல்லாம் அப்போதே நான் சொல்லியிருக்கலாம். இரண்டு வாரம் கழித்து நான் பள்ளிக்கூடம் வந்தபோது நீங்கள் யாரும் பன்னு என்று கூப்பிடவில்லை. ஒருத்தி தன் டப்பாவிலிருந்து பாதிச் சோற்றை எனக்கு எடுத்து வைத்தாள். நான் அவளைச் சண்டை போட்டு அழவைத்தேன். இந்தக் குரூப்பில்தான் இருக்கிறாள். உன்னிடம் அதற்கும் சேர்த்து இப்போது சொல்லிக்கொள்கிறேன், தப்பு என்னுடையதுதான்.

வீட்டுச் சமையல் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. முப்பது வருஷம் சமைத்தவள் நான். கடைச் சாப்பாடு உடம்புக்கு நல்லதென்றும் சொல்லமாட்டேன். போன மாதம் சென்னையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். வேலையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை எடுத்து, “உனக்கு என்னம்மா வேணும்?” என்று கேட்டாள். ‘ஏன், நான் சமைக்கமாட்டேனா’ என்று நுனி நாக்குவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். டப்பாக்கள் வந்தன. மாப்பிள்ளை, மகள், பேரன், நான் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து பிரித்தோம். பேரனைவிட மகளைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், எவ்வளவு எடுக்கிறாள், எவ்வளவு மிச்சம் வைக்கிறாள் என்று. “என்னம்மா, புதுசா பாக்கற மாதிரி பாக்கறே?” என்றாள். ஒன்றுமில்லை, நீ சாப்பிடு என்றேன். அவளுக்குக் காளான் பிடிக்கும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, தம்பியிடம்கூட. அவனுக்கு நினைவில்லை.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம். அன்றுதான் வீட்டுக்குள் மறுபடியும் அடுப்பு வைத்தோம். அத்தை விடிந்ததிலிருந்து ஒருத்தியாகச் சமைத்தாள், யாரையும் கிட்டே சேர்க்கவில்லை. கத்தரிக்காய்க் காரக்குழம்பு, பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல், வடை, பாயசம். கூடத்தில் அம்மாவின் படம். கல்யாணத்தில் எடுத்ததிலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது, அவள் தோளில் அப்பாவின் சட்டைக் கை கொஞ்சம் தெரியும். அதற்கு முன்னால் தலைவாழை இலை போட்டு, தண்ணீர் தெளித்து, அத்தை கரண்டியை எடுத்தாள். போனவர்களுக்குப் பிடித்ததைத்தான் முதலில் வைக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

“தம்பி, அவளுக்கு என்னாடா ரொம்பப் புடிக்கும்?” என்று கேட்டாள்.

அப்பா வாயைத் திறந்தார். “காரக்கொழம்பு…” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அது அவருக்குப் பிடித்தது. “தெரியலக்கா. நான் கேட்டதே இல்ல” என்றார்.

அத்தை என்னைப் பார்த்தாள். “நீ சொல்லும்மா. பொம்பளப் புள்ள, உனக்குத் தெரிஞ்சிருக்கும்.”

நான் யோசித்தேன். உருளைக்கிழங்கு எனக்குப் பிடித்தது. பாயசம் தம்பிக்கு. சுண்ட வைத்த மீன் குழம்பு அப்பாவுக்கு. அவள் சமைத்த ஒவ்வொன்றாக எடுத்து நினைத்துப் பார்த்தேன், எல்லாமே எங்களில் யாரோ ஒருவருக்குப் பிடித்ததாக இருந்தது.

அப்போது தம்பி சொன்னான், அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, தனக்கு விடை தெரிந்த சந்தோஷத்தோடு: “எனக்குத் தெரியும் அத்த. அம்மாவுக்கு அடிப்புடிச்ச சோறுதான் புடிக்கும். நாங்கல்லாம் சாப்ட்டப்புறம் குண்டானச் சொரண்டி அதத்தான் தெனம் சாப்புடும். நான் பாத்திருக்கேன்.”

அத்தை கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பிறகு இலையின் நடுவில் ஒரு கை வெள்ளைச் சோறு மட்டும் வைத்தாள். மற்ற எதையும் எடுத்து வைக்க அவளுக்குக் கை வரவில்லை. அப்பா கற்பூரத்தை ஏற்ற உட்கார்ந்தார். மழையில் தீப்பெட்டி நமுத்துப்போயிருந்தது. அது பற்ற நாலைந்து குச்சிகள் ஆயின.